நீதியுடன் கூடிய சமாதானம்: மத்திய ஆபிரிக்கக் குடியரசு தரும் படிப்பினை

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்

அகிலங்களின் இரட்சகனாகிய அல்லாஹ்வுக்கே எல்லாப் புகழும். அவனது அருளும் சாந்தியும் நமது உயிரினும் மேலான முஹம்மது நபி (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் என்றென்றும் உண்டாவதாக.

 

ஆபிரிக்கக் கண்டத்தின் நடுப்பகுதியில், கடற்கரையே இல்லாத ஒரு நாடு இருக்கின்றது. மத்திய ஆபிரிக்கக் குடியரசு என்பது அதன் பெயர். பாங்கி அதன் தலைநகர். பரப்பளவில் அது நமது இலங்கையைப் போன்று ஒன்பது மடங்குக்கும் அதிகமானது; சனத்தொகையோ ஏறத்தாழ 50 இலட்சம்தான். வைரமும் தங்கமும் விலையுயர்ந்த மரமும் விளையும் அம்மண்ணின் மக்கள், உலகின் மிக வறியவர்களின் வரிசையிலேயே தொடர்ந்தும் எண்ணப்பட்டு வருகின்றனர்.

அந்நாட்டைப் பற்றி நாம் ஏன் சிந்திக்க வேண்டும்? இதற்கு இரண்டு காரணங்கள் உள்ளன. முதலாவது, அங்கு சமாதானத்தை நிலைநாட்டச் சென்ற ஐக்கிய நாடுகள் படையில் நமது நாட்டவரும் அடங்குவர். இலங்கை விமானப் படையின் ஹெலிகொப்டர் பிரிவு 2014ஆம் ஆண்டிலேயே அங்கு சென்று பணியாற்றத் தொடங்கியது. இரண்டாவது, அந்நாட்டின் துயரத்தில் முஸ்லிம்கள் பெரும் பங்கைச் சுமந்தனர். அதே வேளை, அத்துயரத்தை விளைவித்தவர்களிலும் முஸ்லிம் பெயர் தாங்கியோர் இருந்தனர். இவ்விரண்டு செய்திகளையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும் நேர்மை நம்மிடம் இருக்கின்றதா என்பதே இன்று நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வியாகும்.

வாசகர்களே! பிறர் நாட்டின் பிரச்சினையில் வெளியார் தலையிட்டு நீதியைப் பெற்றுக்கொடுப்பது இந்நூற்றாண்டின் புதிய கண்டுபிடிப்பு என்று சிலர் எண்ணுகின்றனர். ஸீரா நூல்களில் ஹில்ஃபுல் ஃபுழூல் என்னும் உடன்படிக்கையைப் பற்றி நாம் ஓதியிருக்கின்றோம். யமன் தேசத்தின் ஸபீத் என்னும் ஊரைச் சேர்ந்த ஒரு வணிகர் மக்காவுக்குச் சரக்குடன் வந்தார். அவரிடம் பொருளை வாங்கிய ஆஸ் இப்னு வாஇல் என்னும் குறைஷிப் பிரமுகர் விலையைக் கொடுக்க மறுத்தார். அந்த ஊரில் அந்நியருக்குக் கோத்திரம் இல்லை, கேட்பாரும் இல்லை. அவர் அபூ குபைஸ் மலை மீது ஏறித் தமக்கு நேர்ந்த அநீதியை உரத்துச் சொன்னார். அதன் பின்னரே குறைஷிக் கோத்திரங்கள் சில, அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆனின் வீட்டில் ஒன்றுகூடின. உள்ளூராராயினும் வெளியூராராயினும் அநீதி இழைக்கப்பட்டவரின் பக்கமே நிற்பது, அவரது உரிமை திரும்பக் கிடைக்கும் வரை ஓய்வதில்லை என அவை உடன்பட்டன. நபித்துவத்துக்கு முன்னர் இவ்வுடன்படிக்கையில் கலந்துகொண்ட நமது நபி (ஸல்) அவர்கள், இஸ்லாம் வந்த பின்னரும் அத்தகையதொன்றுக்கு அழைக்கப்பட்டால் தாம் இணங்குவதாகச் சொல்லியுள்ளார்கள். அதில் கூடியிருந்தவர்கள் முஸ்லிம்கள் அல்லர் என்பதையும் கவனியுங்கள். ஆகவே, பல நாட்டவரும் பல மதத்தவரும் கூடி ஒரு பலவீனமான சமூகத்துக்கு நீதி தேட முற்படும்போது, அம்முயற்சியை முஸ்லிம் அந்நியமாகக் கருத வேண்டியதில்லை. அது நேர்மையாக நடைபெறுகின்றதா என்று பார்ப்பதே அவனது கடமை.

இனி அந்நாட்டின் வரலாற்றைச் சற்று நோக்குவோம். 1960ஆம் ஆண்டு ஓகஸ்ட் 13ஆம் திகதி பிரான்ஸிடமிருந்து அது சுதந்திரம் பெற்றது. அதன் பின்னர் துப்பாக்கி முனையிலேயே ஆட்சிகள் மாறின. பொக்காசா என்னும் படைத்தளபதி ஆட்சியைக் கைப்பற்றி, 1977இல் தம்மைச் சக்கரவர்த்தியாகவே முடிசூட்டிக்கொண்டார். 1979இல் பிரெஞ்சுப் படையின் துணையுடன் அவர் அகற்றப்பட்டார். பிரான்சுவா போசிசே 2003 மார்ச்சில் ஆட்சியைப் பறித்தார். ஒவ்வொரு தடவையும் ஆயுதமேந்தியவர் பதவி பெற்றார்; கொல்லப்பட்டவரின் குடும்பத்துக்கு எதுவும் கிடைக்கவில்லை. ஆயுதம் ஏந்தினால் பதவி கிடைக்கும் என்ற பாடத்தையே அந்நாட்டு இளைஞர்கள் தலைமுறை தலைமுறையாகக் கற்றனர்.

2012ஆம் ஆண்டின் இறுதியில், வடகிழக்குப் பகுதியிலிருந்து செலேக்கா என்னும் ஆயுதக் கூட்டணி கிளம்பியது. அந்நாட்டின் சங்கோ மொழியில் கூட்டணி என்பதே அச்சொல்லின் பொருள். அதில் பெரும்பான்மையினர் முஸ்லிம்கள். 2013 மார்ச் 24ஆம் திகதி அவர்கள் பாங்கியைக் கைப்பற்றினர்; அவர்களது தலைவர் மிஷெல் ஜோதோதியா நாட்டின் முதலாவது முஸ்லிம் ஜனாதிபதியானார். இச்செய்தியைக் கேட்டு மகிழ்ந்தவர்கள் இருக்கலாம். ஆனால் நடந்தது என்ன? செலேக்காவினர் கிராமங்களைச் சூறையாடினர், மக்களைக் கொன்றனர், வீடுகளுக்குத் தீ வைத்தனர். பெயரால் முஸ்லிம்களாக இருந்தோரின் இச்செயல்களுக்கு மார்க்கத்தில் எந்த இடமும் இல்லை. ஜோதோதியா 2013 செப்டெம்பரில் அக்கூட்டணியைக் கலைப்பதாக அறிவித்தபோதிலும் ஆயுதங்கள் கீழே வைக்கப்படவில்லை.

அதற்கு எதிராக அன்டி-பலாக்கா என்னும் குழுக்கள் எழுந்தன. கிறிஸ்தவர்களும் பாரம்பரிய நம்பிக்கையுடையோரும் அவற்றில் இருந்தனர். 2013 டிசெம்பர் 5ஆம் திகதி அவர்கள் தலைநகரைத் தாக்கினர். செலேக்கா செய்த குற்றத்துக்கான பழி, அதனுடன் எவ்விதத் தொடர்பும் இல்லாத முஸ்லிம் வியாபாரியின் தலையிலும், மாடு மேய்க்கும் புலானிக் குடும்பத்தின் தலையிலும், தாயின் மடியிலிருந்த பிள்ளையின் தலையிலும் சுமத்தப்பட்டது. தலைநகரிலும் மேற்குப் பகுதியிலும் தலைமுறைகளாக வாழ்ந்த முஸ்லிம்கள் லொறிகளில் ஏறி சாட்டுக்கும் கமரூனுக்கும் ஓடினர். பாங்கியில் எஞ்சியவர்கள் ஐந்தாவது கிலோமீற்றர் எனப் பொருள்படும் பீ.கே. 5 என்னும் பகுதிக்குள் முடங்கினர். நாட்டிலிருந்த 436 பள்ளிவாசல்களில் 417 அழிக்கப்பட்டதாக, 2015 மார்ச்சில் அங்கு சென்று வந்த ஐ.நா.வுக்கான அமெரிக்கத் தூதுவர் சமந்தா பவர் தெரிவித்தார்.

மறுபுறத்தில், செலேக்காவுக்கும் சண்டைக்கும் அஞ்சிய கிறிஸ்தவக் குடும்பங்கள் பாங்கியின் எம்போகோ விமான நிலையத்தருகே, பழைய விமானங்களின் இறக்கைகளுக்குக் கீழேயும் கூடாரமிட்டுத் தங்கினர். ஒரு காலகட்டத்தில் அம்முகாமில் சுமார் 100,000 பேர் இருந்தனர். அகதி முகாம் என்பதன் பொருளை இலங்கையில் வாழும் நமக்கு எவரும் விளக்கத் தேவையில்லை.

சகோதரர்களே! அநீதி இழைப்பவனாயினும் அநீதிக்குள்ளானவனாயினும் உனது சகோதரனுக்கு உதவு என்ற கருத்தில் அமைந்த நபிமொழியை நாம் அறிவோம். ஸஹாபாக்கள் வியப்புற்று, அநீதிக்குள்ளானவனுக்கு உதவுவது விளங்குகின்றது, அநீதி இழைப்பவனுக்கு எவ்வாறு உதவுவது என வினவினர். அவனது அநீதியிலிருந்து அவனைத் தடுப்பதே அவனுக்குச் செய்யும் உதவி என நபி (ஸல்) அவர்கள் விளக்கினார்கள். அனஸ் (ரழி) அவர்கள் அறிவிக்கும் இந்த ஹதீஸ் ஸஹீஹுல் புஹாரியில் இடம்பெற்றுள்ளது. இந்த அளவுகோலின்படி, செலேக்காவின் கையைப் பிடித்துத் தடுப்பது முஸ்லிம்களுக்குச் செய்யும் துரோகமாகாது. அதுவே அவர்களுக்குச் செய்யும் உதவியாகும். அந்தக் கை உரிய நேரத்தில் தடுக்கப்பட்டிருந்தால், பின்னர் அப்பாவி முஸ்லிம்கள் செலுத்திய விலையும் ஒருவேளை குறைந்திருக்கும்.

அப்படியாயின், தடுக்க வந்தவர்கள் யார்? 2013 டிசெம்பர் 5ஆம் திகதியே ஐ.நா. பாதுகாப்புச் சபை தனது 2127ஆம் இலக்கத் தீர்மானத்தின் மூலம், ஆபிரிக்க ஒன்றியத்தின் படைக்கும் பிரெஞ்சுப் படைக்கும் அதிகாரமளித்தது. அண்டை நாட்டுத் தலைவர்களின் அழுத்தத்தின் பேரில் 2014 ஜனவரியில் ஜோதோதியா பதவி விலக, பாங்கியின் நகர முதல்வராக இருந்த கத்ரீன் சம்பா-பன்சா அம்மையார் இடைக்கால ஜனாதிபதியானார். 2014 ஏப்ரல் 10ஆம் திகதிய 2149ஆம் இலக்கத் தீர்மானத்தினால் மின்யுஸ்கா எனப்படும் ஐ.நா. படை உருவாக்கப்பட்டு, செப்டெம்பர் 15ஆம் திகதி பொறுப்பேற்றது. 10,000 படையினருக்கும் 1,800 பொலிஸாருக்கும் ஆரம்பத்தில் அனுமதி வழங்கப்பட்டது. அரச பொலிஸார் இல்லாத இடங்களில், அவசர நடவடிக்கையாகக் குற்றவாளிகளைக் கைதுசெய்யும் அதிகாரமும் அப்படைக்கு அளிக்கப்பட்டது. ஐ.நா. படைகளுக்கு இவ்வதிகாரம் கிடைப்பது அரிது.

இப்படையினர் வந்திராவிட்டால், பீ.கே. 5இல் எஞ்சிய முஸ்லிம்களின் நிலை என்னவாகியிருக்கும் என்பதைச் சிந்தித்துப் பாருங்கள். அங்கு சென்ற படையினர் பலர் தமது உயிரையும் கொடுத்தனர். 2017 மே மாதத்தில் பங்கஸ்ஸு நகருக்கு அண்மையில் கம்போடியப் படையினர் நால்வரும் மொரோக்கோப் படைவீரர் ஒருவரும் கொல்லப்பட்டனர். பௌத்த நாட்டிலிருந்தும் முஸ்லிம் நாட்டிலிருந்தும் வந்தவர்கள் ஒரே பாதையில் வீழ்ந்தனர். நன்மை செய்தவருக்கு நன்றி கூறாதவன் அல்லாஹ்வுக்கும் நன்றி கூறாதவனே என்பது நமது மார்க்கம் கற்பிக்கும் பண்பாகும்.

எனினும், துப்பாக்கிச் சத்தம் ஓய்வது மட்டும் சமாதானமாகிவிடுமா? அல்குர்ஆனின் ஸூரத்துல் ஹுஜுராத்தின் ஒன்பதாம் வசனத்தை நோக்குங்கள். இரு கூட்டத்தார் போரிட்டுக்கொண்டால் அவர்களிடையே சமாதானம் செய்யுமாறு அவ்வசனம் முதலில் பணிக்கின்றது. ஒரு கூட்டம் வரம்பு மீறினால், அது திரும்பும் வரை அதனை எதிர்க்குமாறு அடுத்துப் பணிக்கின்றது. அது திரும்பிய பின்னர் மீண்டும் சமாதானம் செய்யுமாறு கூறுகின்றது. இங்கே ஒரு நுட்பம் உண்டு. முதலாவது தடவை சமாதானம் என்று மட்டும் சொல்லப்படுகின்றது. இரண்டாவது தடவை, நீதியைக் கொண்டு என்ற நிபந்தனையும் அதனுடன் சேர்க்கப்படுகின்றது. நீதமாக நடப்போரை அல்லாஹ் நேசிப்பதாகவும் வசனம் முடிகின்றது. இவ்வசனம் விசுவாசிகளான இரு கூட்டத்தாரைக் குறித்ததாயினும், அது காட்டும் ஒழுங்கு எல்லோருக்கும் பயன்தரும். முதலில் கை தடுக்கப்பட வேண்டும்; அத்துடன் நின்றுவிடாது கணக்கும் தீர்க்கப்பட வேண்டும். சண்டைக்குப் பின்னர் செய்யப்படும் சமாதானத்திலேதான் வலியவனின் பக்கம் தராசு சாயும் அபாயம் அதிகம். எனவேதான் அவ்விடத்தில் நீதி வலியுறுத்தப்பட்டது போலும்.

மத்திய ஆபிரிக்க மக்கள் இவ்வுண்மையைத் தமது அனுபவத்தின் மூலம் அறிந்திருந்தனர். 2015 மே மாதத்தில் பாங்கியில் ஒரு தேசிய மாநாடு கூடியது. நாட்டின் பல பாகங்களிலிருந்தும் வந்த பிரதிநிதிகள், பாரதூரமான குற்றம் புரிந்தோருக்குப் பொதுமன்னிப்பு வழங்கலாகாது என அங்கே வலியுறுத்தினர். அடுத்த மாதமே விசேட குற்றவியல் நீதிமன்றம் ஒன்றை அமைக்கும் சட்டம் நிறைவேறியது. உள்நாட்டு நீதிபதிகளும் வெளிநாட்டு நீதிபதிகளும் ஒன்றாக அமர்ந்து, குற்றம் நடந்த நாட்டிலேயே, பாதிக்கப்பட்ட மக்களின் கண் முன்னே விசாரணை செய்யும் நீதிமன்றம் அது. அதற்கான செலவைப் பெரும்பாலும் வெளிநாடுகளும் சர்வதேச அமைப்புகளும் தாமாக விரும்பித் தரும் நிதியே தாங்கி வருகின்றது.

அந்நீதிமன்றத்தின் முதலாவது தீர்ப்பு 2022 ஒக்டோபர் 31ஆம் திகதி வெளிவந்தது. குற்றவாளிகளாகக் காணப்பட்ட மூவர் யார்? புலானி முஸ்லிம்களைப் பாதுகாப்பதாகச் சொல்லிக்கொண்ட 3ஆர் என்னும் ஆயுதக் குழுவைச் சேர்ந்தவர்கள். 2019 மே 21ஆம் திகதி, வடமேற்கில் குன்ஜிலி, லெமூனா ஆகிய கிராமங்களில் நிராயுதபாணிகளான ஊர்மக்கள் கொல்லப்பட்ட குற்றத்துக்காகவே அவர்கள் தண்டிக்கப்பட்டனர். அந்நாளில் அப்பகுதியில் இறந்தோர் 40 பேருக்கும் அதிகம்.

வாசகரே! இங்கே சற்று நின்று உங்கள் உள்ளத்தைக் கேளுங்கள். அழிக்கப்பட்ட பள்ளிவாசல்களைப் பற்றி வாசித்தபோது எழுந்த வேதனை, குன்ஜிலிக் கிராமத்தவரைப் பற்றி வாசித்தபோதும் எழுந்ததா? குற்றவாளிகளின் பெயர் நமது பெயரைப் போன்றிருப்பதனால், ஏதேனும் காரணம் இருந்திருக்கும் என்று உள்ளம் சமாதானம் தேடியதா? அவ்வாறு தேடியிருப்பின், ஸூரத்துன் நிஸாவின் 105ஆம் வசனம் முதலான வசனங்கள் நம்மை நோக்கியே பேசுகின்றன. மதீனாவில் ஒருவர் ஒரு கவசத்தைத் திருடி, அப்பழியை ஒரு யூதர் மீது சுமத்தினார். அவரது குலத்தார் அவருக்காக வாதாடினர் எனத் தப்ஸீர் அறிஞர்கள் குறிப்பிடுகின்றனர். பழி சுமத்தப்பட்ட யூதர் நிரபராதி என்பதை உணர்த்தவும், மோசடிக்காரருக்காக வாதாடலாகாது எனக் கண்டிக்கவும் வானத்திலிருந்து வஹீ இறங்கியது. மதீனாவில் யூதருடனான உறவு சிக்கலாக இருந்த காலத்திலும், ஒரு யூதரின் மானம் காக்கப்பட்டது. அவ்வசனங்களை ஓதும் நாம், நமது கூட்டத்தவரின் குற்றத்துக்குத் திரை போடுபவர்களாக இருக்க முடியாது. நமக்கும், பெற்றோருக்கும், உறவினருக்கும் பாதகமாக இருந்தாலும் நீதிக்குச் சாட்சி சொல்ல வேண்டும் என்பதே அதே ஸூராவின் 135ஆம் வசனத்தின் கட்டளை.

நீதி ஒரு பக்கத்துக்கு மட்டும் வழங்கப்படவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பங்கஸ்ஸு நகரில் 2017இல் முஸ்லிம்களையும் ஐ.நா. படையினரையும் கொன்ற அன்டி-பலாக்காவினர் 28 பேரைப் பாங்கியின் குற்றவியல் நீதிமன்றம் 2020 பெப்ரவரியில் தண்டித்தது. ஹேக் நகரிலுள்ள சர்வதேச குற்றவியல் நீதிமன்றம், 2025 ஜூலை 24ஆம் திகதி அன்டி-பலாக்காத் தலைவர்களான அல்பிரெட் யெகாடோமுக்கு 15 வருடங்களும், பட்ரிஸ்-எட்வர்ட் இங்கைசோனாவுக்கு 12 வருடங்களும் சிறைத்தண்டனை விதித்தது. முன்னவர் பாராளுமன்ற உறுப்பினராயிருந்தவர். பின்னவர் நாட்டின் உதைபந்தாட்டச் சம்மேளனத்தின் தலைவராயிருந்தவர். செலேக்காவைச் சேர்ந்த மஹமத் சயீத் அப்தெல் கனி மீதான வழக்கும் அதே நீதிமன்றத்தில் 2022 செப்டெம்பரில் ஆரம்பமானது.

ஆயினும் இப்பாதை நேராக இல்லை. 2021 நவம்பரில், விசேட நீதிமன்றத்தினால் கைதுசெய்யப்பட்ட அமைச்சர் ஒருவர் விசாரணைக்கு முன்பே ஆயுதக் காவலரின் துணையுடன் சிறையிலிருந்து வீடு சென்றார். சில நாட்களில் அரசின் கௌரவ விருதும் அவருக்கு அளிக்கப்பட்டது. அவர் குற்றவாளியா, நிரபராதியா என்பதை நீதிமன்றமே தீர்மானித்திருக்க வேண்டும். அதற்கு இடமளிக்கப்படாததே இங்குள்ள பிரச்சினை. மஃக்ஸூமிக் குலத்துப் பெண் ஒருத்தி திருடியபோது அவளுக்காகப் பரிந்து பேச உஸாமா (ரழி) அவர்கள் அனுப்பப்பட்ட வரலாறு நமக்குத் தெரியும். உயர்குலத்தவர் திருடினால் விட்டுவிடுவதும் எளியவர் திருடினால் தண்டிப்பதுமே முன்னையோரை அழித்தது என நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். தமது அருமை மகள் பாத்திமாவுக்கும் சட்டம் அதுவே என்றார்கள். அந்த எச்சரிக்கை பாங்கிக்கும் பொருந்தும், கொழும்புக்கும் பொருந்தும்.

அன்பின் சகோதரர்களே! உதவ வருபவரும் அதே தராசில் நிறுக்கப்பட வேண்டும். எம்போகோ முகாமில் பசியால் வாடிய சிறுவர்களை, பாதுகாக்க வந்த பிரெஞ்சுப் படையினர் சிலர் பாலியல் ரீதியாகத் துஷ்பிரயோகம் செய்ததாக 2014இல் முறைப்பாடுகள் எழுந்தன. ஐ.நா.வின் கிளைகள் அம்முறைப்பாடுகளை ஒன்றிடமிருந்து மற்றொன்றுக்குத் தள்ளிவிட்டதைக் கனடாவின் முன்னாள் நீதியரசர் மரி தெஷாம் தலைமையிலான சுயாதீனக் குழு 2015 டிசெம்பரில் கண்டித்தது. ஐ.நா. படையினர் மீதும் குற்றச்சாட்டுகள் எழுந்து, அதன் தலைவராயிருந்த பாபகார் கயே அவ்வாண்டு ஓகஸ்டில் பதவி விலக நேர்ந்தது. பிரெஞ்சுப் படையினர் மீதான வழக்கையோ, போதிய சான்றில்லை என 2018 ஜனவரியில் பிரெஞ்சு நீதிபதிகள் தள்ளுபடி செய்தனர்.

இதைக் கேட்டு, மேற்கத்தையவர் இப்படித்தான் என்று சொல்லி நாம் நகர்ந்துவிட இயலாது. 2007ஆம் ஆண்டில் ஹெயிட்டி நாட்டிலிருந்து, இதே வகையான குற்றச்சாட்டின் பேரில் இலங்கைப் படையினர் நூற்றுக்கும் மேற்பட்டோர் திருப்பி அனுப்பப்பட்டனர். நமது நாட்டின் கொடியைத் தோளில் அணிந்து சென்றவர்கள் அவர்கள். பாதிக்கப்பட்ட பிள்ளைக்கு, வந்தவர் எந்நாட்டவர் என்பது முக்கியமில்லை. அபயம் தேடி வந்தவரைப் பாதுகாப்பது ஓர் அமானிதம். அமானிதத்தில் மோசடி செய்தவர் எந்தச் சீருடை அணிந்திருந்தாலும் கேட்கப்பட வேண்டும்.

இன்னொரு வகை உதவியும் உண்டு. அது விலை பேசி வருவது. 2018 முதல் ரஷ்யாவின் வாக்னர் நிறுவனத்தைச் சேர்ந்த ஆயுதமேந்தியோர் அந்நாட்டு அரசுக்குத் துணையாக நின்றனர். 2020 டிசெம்பரில் ஆயுதக் குழுக்கள் மீண்டும் ஒன்றிணைந்து தலைநகரை நெருங்கியபோது, ருவாண்டாப் படையினருடன் சேர்ந்து அவர்களும் அரசைக் காத்தனர் என்பது உண்மையே. ஆனால் அவர்களுடன் தொடர்புடைய கம்பனிகளுக்குத் தங்க, வைரச் சுரங்க உரிமைகள் கிடைத்தன. பொதுமக்கள் மீதான வன்முறைகள் குறித்து ஐ.நா. மனித உரிமை நிபுணர்கள் 2021இல் கவலை வெளியிட்டனர். வைர வணிகம் ஆயுதக் குழுக்களை வளர்க்கின்றது என்பதற்காக 2013 மே மாதத்தில் விதிக்கப்பட்ட கிம்பர்லி ஏற்பாட்டின் ஏற்றுமதித் தடை, 2024 நவம்பரிலேயே முற்றாக நீக்கப்பட்டது. அம்மக்களின் மண்ணுக்குள் அல்லாஹ் வைத்த செல்வம், அவர்களைக் காப்பதற்கான கூலியாகவே வெளியேறிவிடுமாயின், எஞ்சுவது எந்த வகை ஸ்திரத்தன்மை?

இவ்வளவுக்கும் மத்தியில் நம்பிக்கையூட்டும் சிலரையும் அல்லாஹ் அங்கே எழுப்பினான். இஸ்லாமியச் சபையின் தலைவர் இமாம் உமர் கோபின் லயாமா, கத்தோலிக்கப் பேராயர் தியுதொனே நசபலைங்கா, சுவிசேஷக் கிறிஸ்தவச் சபைகளின் கூட்டமைப்பின் தலைவர் போதகர் நிக்கொலா கெரேகோயாமே ஆகிய மூவரும் ஒன்றாக ஊர் ஊராகச் சென்றனர். இது மதங்களுக்கிடையிலான யுத்தமல்ல, ஆட்சிக்கும் செல்வத்துக்குமான யுத்தத்தில் மதம் கருவியாக்கப்பட்டுள்ளது என்று அவர்கள் மக்களுக்கு எடுத்துரைத்தனர். 2013 டிசெம்பரில் பாங்கி எரிந்தபோது, இமாமையும் அவரது குடும்பத்தாரையும் பேராயர் தமது இல்லத்திலேயே பல மாதங்கள் தங்கவைத்தார். போசெம்தெலே என்னும் ஊரில் பெர்னார்ட் கின்வி என்னும் இளம் பாதிரியார், நூற்றுக்கணக்கான முஸ்லிம்களைத் தமது ஆலய வளவுக்குள் ஏற்று, கொல்ல வந்தவர்களின் முன்னே நின்றார். பங்கஸ்ஸுவில் கத்தோலிக்க ஆயர் தாக்குதலுக்குள்ளான முஸ்லிம்களுக்குத் தமது குருமடத்தில் அடைக்கலம் அளித்தார். இமாம் லயாமா அவர்கள் 2020 நவம்பரில் வபாத்தானார்கள். அல்லாஹ் அன்னாரைப் பொருந்திக்கொள்வானாக.

நமது மார்க்க வரலாற்றுக்கு இது புதிதல்ல. மக்காவில் துன்புறுத்தப்பட்ட ஸஹாபாக்களை நபி (ஸல்) அவர்கள் எங்கே அனுப்பினார்கள்? ஆபிரிக்க மண்ணிலுள்ள அபீஸீனியாவுக்கு. ஏன்? எவருக்கும் அநீதி இழைக்கப்படாத ஓர் அரசர் அங்கு இருந்தார் என்பதனால். அப்போது கிறிஸ்தவராயிருந்த நஜ்ஜாஷி மன்னர், குறைஷியரின் அன்பளிப்புகளைத் திருப்பியனுப்பி, அகதிகளைக் கையளிக்க மறுத்தார். பிற நாட்டவரின் நீதியினால் இந்த உம்மத் தன் ஆரம்ப நாட்களிலேயே பயன் பெற்றது. அந்தக் கடன் நம் மீது இருக்கின்றது.

அக்கடனை நாம் எவ்வாறு நிறைவேற்றுவது? கொழும்பிலோ, காத்தான்குடியிலோ, பேருவளையிலோ, மன்னாரிலோ அமர்ந்திருக்கும் நாம் பாங்கிக்குப் படையனுப்ப முடியாது. எனினும் நமது சக்திக்குட்பட்டவை சில உண்டு.

முதலாவது, செய்தியை முழுமையாக அறிவோம். பள்ளிவாசல் எரியும் படத்தைப் பத்துப் பேருக்கு அனுப்பும் நாம், அதற்கு முன்னும் பின்னும் நடந்ததை விசாரிப்பதில்லை. பாதி உண்மையைப் பரப்புவதும் ஒருவகைப் பொய்ச் சாட்சியமே. தொலைவிலுள்ள ஒரு நாட்டின் காயத்தைக் காட்டி, இங்குள்ள அயலவர் மீது வெறுப்பை வளர்ப்பவர் அம்முஸ்லிம்களுக்கு எந்த உதவியும் செய்யவில்லை.

இரண்டாவது, நமது ஸதகாக்களில் ஒரு பகுதி ஆபிரிக்காவின் அகதிகளுக்கும் சென்றடையட்டும். நம்பகமான நிவாரண அமைப்புகளை விசாரித்து அறிந்து, அவற்றினூடாகக் கொடுப்போம். கொடுக்கும்போது, பெறுபவர் எம்மதத்தவர் என்று கேட்காதிருப்போம்.

மூன்றாவது, நமது பிள்ளைகளில் இராணுவத்திலும் பொலிஸிலும் சேர்பவர்கள், சட்டம் பயில்பவர்கள், வெளிநாட்டுச் சேவைக்குச் செல்பவர்கள் இருக்கின்றனர். சீருடையும் பட்டமும் அமானிதம் என்பதை அவர்களுக்கு இப்போதே கற்பிப்போம்.

நான்காவது, நமது ஊரில் இரு குடும்பங்களுக்கோ இரு ஜமாஅத்துகளுக்கோ பிணக்கு ஏற்படும்போது, பள்ளிவாசல் நிர்வாகத்தினர் செய்துவைக்கும் சமாதானம் எப்படி இருக்கின்றது என்று பார்ப்போம். வசதி படைத்தவரின் மனம் நோகாதிருக்க ஏழையை விட்டுக்கொடுக்கச் சொல்வதே நமது ஸுல்ஹாக இருப்பின், பாங்கியைப் பற்றிப் பேச நமக்குத் தகுதி ஏது? ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு நம்மை நீதி தவறச் செய்துவிடக் கூடாது, நீதி செலுத்துவதே இறையச்சத்துக்கு மிக நெருக்கமானது என ஸூரத்துல் மாஇதாவின் எட்டாம் வசனம் உணர்த்துவதை, முதலில் நமது மஹல்லாவில் நடைமுறைப்படுத்துவோம்.

இறைவா! மத்திய ஆபிரிக்காவின் மக்களுக்கு, முஸ்லிம்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் மற்றோருக்கும், அச்சமற்ற வாழ்வை அருள்வாயாக! இடம்பெயர்ந்தோரை அவர்களது இல்லங்களுக்குத் திருப்புவாயாக! அநீதி இழைத்தோரின் கைகளைத் தடுப்பாயாக! உதவச் செல்வோரின் எண்ணங்களைத் தூய்மையாக்குவாயாக! எமக்குப் பாதகமாக அமைந்தாலும் உண்மைக்குச் சாட்சி கூறும் துணிவை எமக்குத் தந்தருள்வாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.